ரேஸ் கார்கள் நெல் மிதித்த வருஷம்

சோழவரத்தில் கார் ரேஸ் நடந்தது என்று சொன்னால் என் மருமகன் சிரிக்கிறார். அவர் தேர்வாய் கண்டிகையில் டயர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கார்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. "ரேஸ் இருங்காட்டுக்கோட்டைல தானே அத்தை? சோழவரத்துல ஏரிதான கீது" என்கிறார். மணவாள நகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான்.

அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அறுபதைத் தாண்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்களே, உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பொங்கல் முடிந்து மாட்டுக் கொம்பில் பூசிய வர்ணம் மங்குவதற்குள், ஜி.என்.டி. ரோடு முழுக்க மெட்ராஸ் கார்கள் வரிசை கட்டி நிற்குமே, அந்த ரேஸ். அந்தச் சத்தம் இப்போதும் என் காதுக்குள் இருக்கிறது. 

ரேஸ் நடந்த இடம் நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பின்னால்தான். யுத்த காலத்தில் ஏரோப்ளேன் இறங்குவதற்காக வெள்ளைக்காரன் போட்ட சிமெண்ட் தளம். யுத்தம் முடிந்தது, ஏரோப்ளேன்கள் போய்விட்டன, தளம் மட்டும் கிடந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஏரோப்ளேன் ரோடு என்று பெயர். என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் கேழ்வரகுக் கொல்லை அந்தச் சிமெண்டுக்கு அடியில் போய்விட்டதாகச் சொல்வார்கள். பெயருக்கு அது மிலிட்டரி இடம். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் எங்கள் இடம். அங்கேதான் மிளகாய் காய்ந்தது, வேர்க்கடலை காய்ந்தது, வரட்டி காய்ந்தது. நான் குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் கற்றுக்கொண்டது அங்கேதான். இரண்டு சிமெண்ட் பலகைகளுக்கு நடுவே ஊற்றிய தார் சித்திரை வெயிலில் இளகி வரும். அதை நோண்டி உருண்டை பிடித்து விளையாடுவோம். கையில் ஒட்டிய தார் போகவில்லை என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, அதற்கு வேறு அம்மாவிடம் அடி வாங்குவேன்.

ரேஸ் வந்தால் அது எங்கள் இடம் இல்லாமல் போய்விடும். லாரிகளில் பீப்பாய்களும் கயிறும் வந்து இறங்கும். பெரிய மனிதர்கள் உட்கார வெள்ளையும் சிவப்பும் கோடு போட்ட கூடாரம் எழும்பும். வளைவுகளில் கார் தப்பிப் போனால் மோதுவதற்கு வைக்கோல் கட்டு அடுக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி பேர் வரமாட்டோம். வாத்தியாரும் வரமாட்டார், கூட்டத்தில் எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

அந்த வாசனையை எப்படிச் சொல்வது? ரேஸ் வண்டிகளுக்கு ஏதோ ஒரு விளக்கெண்ணெய் ஊற்றுவார்களாம். வண்டி போன பிறகு கருகிய விளக்கெண்ணெய் வாசனை காற்றில் நிற்கும். வயிறு சுத்தம் செய்ய நமக்கெல்லாம் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதே எண்ணெய். பாவம், இந்தக் காருக்கும் வயிற்றுவலி போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ரேஸ் முடிந்த மறுநாள் விடிந்ததும் ஓடுவோம். தேய்ந்து போட்ட ஸ்பார்க் பிளக்குகள், சோடா மூடிகள், ஒற்றைக் கையுறை, காலி எண்ணெய் டின்கள். பச்சை நிறத்தில் ஒரு டின் எனக்குக் கிடைத்தது. அம்மா அதைச் சாம்பல் போட்டுக் கழுவி உப்பு கொட்டி வைத்தாள். பல வருஷம் எங்கள் வீட்டு உப்பு அந்த டின்னில்தான் இருந்தது. பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ.

அம்மா மட்டும் ரேஸ் பார்க்க ஒரு நாளும் வந்ததில்லை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெட்ரோலைக் கொளுத்துகிற விளையாட்டு என்பாள். சத்தம் கேட்டால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்பாள். நைனா அப்படியில்லை. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் செங்குன்றத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். எங்கள் தெருவில் தினமும் பேப்பர் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். மில்லில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, சாயங்காலம் தெருவில் வந்து சொல்வார். எந்த ஊரில் வெள்ளம், எந்த மந்திரி போனார், சர்க்கரை எப்போது வரும், எல்லாம் நைனா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. பெட்ரோல் விலை எகிறி, ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்த காலம். தை பிறந்த கொஞ்ச நாளில் நைனா மில்லிலிருந்து வந்ததும் வராததுமாகத் தெருவில் நின்று சொன்னார். இந்த வருஷம் ரேஸ் கிடையாதாம், பெட்ரோல் இல்லாத நேரத்தில் ரேஸ் எதற்கு என்று கவர்மெண்டில் நிறுத்திவிட்டார்களாம். லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள், பேப்பரிலும் அதைப் போலத்தான் போட்டிருக்கிறது என்றார்.

எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, அழுகையே வந்துவிட்டது. பெரியவர்களுக்கோ ஒரே சந்தோஷம். சம்பா அறுப்பு முடிந்திருந்தது. வழக்கமாக ரேஸ் முடியும்வரை நெற்கட்டுகளை அடுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் எலி பாதியைத் தின்றுவிடும். இந்த வருஷம் ரேஸ் இல்லையென்றால் உடனே ஏரோப்ளேன் ரோட்டில் கொண்டுபோய்ப் போட்டு அடித்துவிடலாம். மண் ஒட்டாத களம், தூசி இல்லாத நெல். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. எல்லாம் குத்தகைப் பயிர். அந்த நெல்தான் வருஷம் முழுக்கச் சோறு.

தெருவே கட்டு சுமந்தது. யார் எங்கே போடுவது என்று நைனாதான் முன்னால் நின்று காட்டினார். அந்த வாரம் அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிட்டார்கள். நெல் உதிர உதிரப் பெண்கள் தூற்றினார்கள். பாதி நெல் குவியலாகிவிட்டது. மீதி, கட்டாகவும் பிரித்துப் போட்டதாகவும் தளம் முழுக்கப் பரவிக் கிடந்தது. சிமெண்டே தெரியவில்லை, பொன் நிறம்தான். நாங்கள் பிள்ளைகள் வைக்கோலில் குட்டிக்கரணம் அடித்தோம். உடம்பெல்லாம் சுணை. அரிக்கும், சொறிவோம், திரும்பவும் போய் விழுவோம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வானம் ஒரு மாதிரி இருந்தது. தை மாசத்தில் வரக்கூடாத மேகம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, சீக்கிரம் அள்ளணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது. லாரிச் சத்தம். ஒன்று இல்லை, வரிசையாக. முதல் லாரியில் பீப்பாய்கள். இரண்டாவதில் கூடாரத் துணி. பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால், என் கண்ணையே நம்ப முடியவில்லை, துணி போர்த்திய ஒரு ரேஸ் கார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்த முதல் எண்ணம் ரேஸ் இருக்கிறது என்ற குதூகலம்தான். குதித்தேவிட்டேன். அப்புறம்தான் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

எல்லோரும் நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் மாடு ஓட்டும் கோல் இருந்தது. லாரிகளையே பார்த்தார். கோலைக் கீழே வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

"பாத்தியா, உங்க நைனா ஓடிப்புட்டாரு" என்றாள் பெரியம்மா என்னிடம். எனக்குக் காது மடல் வரை சுட்டது. அம்மா நிமிரவே இல்லை. முறத்தை வேகவேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் இறங்கினார். ரேஸை நடத்துகிறவர்களில் பெரியவர் போலிருந்தது. தளத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நாளைக்கு ரேஸ், இன்றைக்கு வண்டிகள் ஓட்டிப் பழக வேண்டும், இதை யார் இங்கே கொட்டச் சொன்னது என்று கத்தினார். அனுமதி கடைசி நேரத்தில்தான் கிடைத்ததாம். அதனால் முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்ல முடியவில்லையாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. நினைத்துப் பார்த்தால், நைனா கொண்டுவந்த செய்தி முழுப் பொய் இல்லை. பாதி வழியில் மாறிப்போன செய்தி. ஆனால் அன்றைக்கு அதை யார் யோசித்தார்கள்?

ரேஸ் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது என்று தொப்பிக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். தெருவே வாயை மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. பெரியம்மாவின் உதடு அசைந்தது. அதற்குள் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"யாரு சொன்னா இன்னா சார்? நெல்லு கீய கெடக்குது. அதுக்கு இன்னா பண்றதுன்னு பேசு."

அதைப் பேச அவர் தயாராக இல்லை. லாரியை உள்ளே விடச் சொன்னார். லாரி மெதுவாக நகர்ந்து வந்தது. முன் சக்கரம் எங்கள் குவியலின் ஓரத்தில் ஏறப் போனது. அம்மா ஒரு கோணிப்பையை உதறிச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தாள். தலைமுடியை முடிந்துகொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. அரிசியில் கல் பொறுக்க உட்காருகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரியின் முகத்திலிருந்து அடித்த அனல் என் முகத்தில் பட்டது. பிறகு பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகத் தெருவே உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. 

போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் தொப்பிக்காரர். மிலிட்டரி இடத்தில் நெல் காயப்போட்டது குற்றம் என்றார்.

"இந்தச் சிமெண்ட்டுக்கு அடியில எங்க மாமனார் கொல்ல கீது சார்" என்றாள் அம்மா. "அவரு குட்த்ததுக்கு அப்பறம்தான் மிலிட்டரிக்கு. ஒருநா பொறுத்துக்கோ, அள்ளிக்கினு போயிடறோம்."

ஒரு நாள் பொறுத்தால் ரேஸே இல்லை என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் பின்னால் இன்னும் கார்கள் வந்து நின்றுவிட்டன. ஹாரன் அடித்தார்கள். ஓட்டுகிறவர்களும் மெக்கானிக்குகளும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், கழுத்திலிருந்து கால் வரை ஒரே துணியாக வெள்ளை உடுப்பு போட்டவர், வைக்கோலைத் தாண்டித் தாண்டி எங்களிடம் வந்தார். இளவயசுதான். குந்தி உட்கார்ந்து ஒரு நெற்கட்டை எடுத்து உதறிப் பார்த்தார். கொஞ்சம் நெல் அவர் காலடியில் கொட்டியது.

இன்னும் எவ்வளவு பாக்கி, எப்படி உதிர்ப்பீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். மாடு மிதிக்க வேண்டும், நாளை சாயங்காலம் ஆகிவிடும் என்றாள் அம்மா. மாட்டை விட்டால் வேறு வழியே இல்லையா என்றார் அவர்.

பெரியம்மாவுக்கு எரிச்சல். கிண்டலாகத்தான் சொன்னாள். "ஏன், இத்தினி காரு கொண்ணாந்துகீறீங்களே. அதுங்க மிதிக்காதா?"

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். வெள்ளை உடுப்புக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கார்களைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், மேலே மேகத்தைப் பார்த்தார். தரையோடு தரையாக இருக்கிற ரேஸ் கார்களால் முடியாது, ஆனால் கூரை வைத்த கார்களும் ஜீப்பும் லாரியும் மிதிக்குமே என்று தொப்பிக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. தன் காரில் ஏறி, வைக்கோல்மேல் மெல்ல ஏற்றினார்.

என் வயசுக்காரர்களே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதவில் வட்டம் போட்டு நம்பர் எழுதிய நீலக் கார். காதைப் பிளந்துகொண்டு பறக்க வேண்டிய கார். அது எங்கள் நெல்லின்மேல் மாடு மாதிரி அசைந்து அசைந்து வட்டம் வந்தது. அதன் பின்னால் இன்னொரு கார். அப்புறம் ஜீப். அப்புறம் அம்மாவை மிதிக்க வந்த அதே லாரி. சரக் சரக்கென்று வைக்கோல் நொறுங்கும் சத்தம். சக்கரம் போன இடமெல்லாம் நெல் மழை மாதிரி உதிர்ந்து கிடந்தது. வண்டி தாண்டியதும் பெண்கள் ஓடிப்போய் வைக்கோலை உதறித் திருப்பிப் போட்டார்கள். கிரீஸ் கையோடு மெக்கானிக்குகளும் உதறினார்கள். எப்படி உதற வேண்டும் என்று ஒருவருக்குப் பெரியம்மா கற்றுக்கொடுத்தாள். அவர் சரியாகச் செய்யவில்லை என்று திட்டவும் செய்தாள். கூலிங் கிளாஸ் போட்ட மெட்ராஸ் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். நாங்கள் பிள்ளைகள் கார்களுக்குப் பின்னாலேயே ஓடினோம். இத்தனை நாள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்த கார்கள், கை நீட்டினால் தொடும் தூரத்தில். நான் நீலக் காரின் பின்பக்கத்தைத் தொட்டேன். சுட்டது. அந்தச் சூடு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

அந்தச் சூடுதான் வினையும் ஆனது. காருக்கு அடியில் வைக்கோல் சுருண்டு சுருண்டு சைலன்சரில் சிக்கியிருக்கிறது. முதலில் ஒரு மெல்லிய புகை. ஏதோ எண்ணெய்ப் புகை என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் நீலக் காருக்குக் கீழே மஞ்சளாக ஒரு நாக்கு நீண்டது. பெரியம்மா நெருப்பு நெருப்பு என்று அலறினாள். வெள்ளை உடுப்புக்காரர் புத்திசாலி. காரை நிறுத்தவில்லை. அப்படியே வேகமாக வெற்றுச் சிமெண்டுக்கு ஓட்டிப்போய் வெளியே குதித்தார். மெக்கானிக்குகள் பாய்ந்து அதை அணைத்துவிட்டார்கள். ஆனால் கார் போன வழியெல்லாம் வைக்கோல் பற்றிக்கொண்டு வந்தது. காற்று எங்கள் குவியலைப் பார்த்து வீசியது.

ரேஸுக்கென்று வந்து நின்ற தீயணைக்கும் வண்டி ஒன்று இருந்தது. ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குழாய்க்கு நேராக நின்றாள்.

"தண்ணி வேணாம். தண்ணி பட்டா நெல்லு மொளச்சிடும். மண்ணப் போடு, மண்ணு."

ஒரு கணம் எல்லோரும் அப்படியே நின்றார்கள். பிறகு தொப்பிக்காரர், ஆமாம் அந்தத் தொப்பிக்காரர்தான், மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடினார். அம்மாவும் மற்றவர்களும் நீளக் கழிகளால் எரிகிற வைக்கோலைக் குவியலிலிருந்து பிரித்து இழுத்தார்கள். ஈரக் கோணியால் அடித்தார்கள். நான் என் பாவாடை மடியில் மண் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன். புகையில் கண் தெரியவில்லை. இருமல். யாருடைய கையோ என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. நெருப்பு குவியலுக்கு ஓர் ஆள் தூரத்தில் வந்து அடங்கியது.

கழியையும் கோணியையும் கீழே போட்டார்கள். கறுத்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாதான் முதலில் சிரித்தாள். அவளுடைய பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கார் வேண்டாம் என்று முடிவானது. மீதியைக் கையாலேயே அடித்தோம். இத்தனை கை இருக்கும்போது எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மதியம் திரும்புவதற்குள் நெல் முழுவதும் தளத்தின் ஒரு மூலையில் மலை மாதிரி குவிந்துவிட்டது. வைக்கோலையும் வீணாக்கவில்லை. வளைவுகளில் அடுக்க ரேஸ்காரர்களே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சொட்டு என் மூக்கின்மேல் விழுந்தது. மழை.

மூட வீட்டில் என்ன இருந்தது? கிழிந்த கோணியும் பழைய புடவையும்தான். தொப்பிக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அப்போதுதான் எழுப்பியிருந்த பெரிய மனிதர்களின் கூடாரத்தைப் பிரித்துக் கொண்டுவந்து எங்கள் நெல்லின்மேல் போர்த்தினார்கள். வெள்ளையும் சிவப்பும் கோடு போட்ட துணி. எங்கள் நெல் கல்யாணப் பந்தலுக்குள் இருப்பது மாதிரி இருந்தது. எல்லோரும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பாதி நனைந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். மெக்கானிக்குகள் தங்கள் நாஷ்டாப் பொட்டலங்களைப் பிரித்து எங்களுக்கும் கொடுத்தார்கள். ரொட்டிக்கு நடுவில் முட்டை வைத்தது. அதற்கு முன் நான் அப்படித் தின்றதே இல்லை.

அப்போதுதான் பெரியம்மா பேச்சை எடுத்தாள். இத்தனை பேஜாருக்கும் காரணமான ஆள் எங்கே என்றாள். ஊரைக் கூட்டி நெல்லைக் கொட்ட வைத்துவிட்டு இந்நேரம் எந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாரோ என்றாள். இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். ரொட்டியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். அம்மா மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. மாடுகளுக்கு வாயில் நுரை தள்ளியது. வண்டிக்குள் சைக்கிளும் மில்லின் பெரிய தார்ப்பாய்களும் கிடந்தன. வண்டியின் முன்னால் நைனா, தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட, கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். லாரியைப் பார்த்த அந்த நிமிஷமே அவர் கண் மேகத்துக்குப் போயிருக்கிறது. செங்குன்றம் வரை மிதித்துப்போய், மில்லில் கெஞ்சி, வண்டி வாங்கி வந்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று நெடுநாள் நினைத்திருக்கிறேன். இப்போது புரிகிறது. அன்று காலை அவருடைய ஒரு சொல் பொய்த்துப் போயிருந்தது. தார்ப்பாய் கொண்டுவருகிறேன் என்று இன்னொரு சொல் சொல்லி, மில்லில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால்? அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்காமல் போயிருக்கிறார்.

கோடு போட்ட துணிக்குள் பத்திரமாக இருந்த நெல்லை அவர் பார்த்தார். அவர் கை தானாகக் கயிற்றை விட்டது. வந்த வேலைக்கே அவசியமில்லாமல் போய்விட்டது. கீழே இறங்கினார். வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார், எங்களிடம் வரவில்லை.

அம்மா துணி ஓரத்தை என் கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கினாள். தெருவுக்கே கேட்கும்படி, கோபமாகத்தான் கேட்டாள்.

"இன்னாயா, தார்ப்பாய்க்கு அனுப்பி எம்மா நேரமாவுது? குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

நைனா அவளையே பார்த்தார். மழை அவர் இமையிலிருந்து வழிந்தது. காலையிலிருந்து நான் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தவள். அவள் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை.

"குட்த்துட்டாங்க" என்றார் நைனா.

"பின்ன இன்னா பாத்துக்கினு கீறே? எறக்கு. அவங்க துணிய அவங்களுக்குக் குட்த்துடலாம். நம்புளுது வந்துடிச்சி."

முதலில் எழுந்து போய்த் தார்ப்பாய்க்குத் தோள் கொடுத்தது பெரியம்மாதான். நம்பினாளா, நம்பினது மாதிரி நடந்துகொண்டாளா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நைனா ஓடிப்போன பேச்சை எங்கள் தெருவில் யாரும் எடுக்கவில்லை. அம்மாவை நான் அன்று ஒரு வீராங்கனையாகத்தான் பார்த்தேன். லாரி முன்னால் உட்கார்ந்தவள், தீயணைக்கும் வண்டியை மறித்தவள். அவள் காலையிலிருந்து எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்று தெரிய எனக்கும் கல்யாணமாகி, எனக்கும் ஊர் முன்னால் தலைகுனிய நேர்ந்த புருஷன் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது.

மழை சாயங்காலமே விட்டுவிட்டது. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில் லேசாக ஒரு புகை வாசனையும் எண்ணெய் வாசனையும் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வெயில் கண்ணாடி மாதிரி அடித்தது. கழுவிவிட்ட மாதிரி தளம் பளபளத்தது. ரேஸ் நடந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வளைவுக்கு நேராக எங்கள் தெருக்காரர்கள் நிற்க, தொப்பிக்காரர் இடம் விடச் சொல்லியிருந்தார். அம்மாவும் வந்தாள். வாழ்நாளில் முதல் முறை. பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, நைனாவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு நின்றாள். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி ரோட்டில் ஒட்டி நிற்கமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும்.

கொடி ஆடியது. எல்லா வண்டிகளும் ஒன்றாக உறுமின. தரை அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது. நேராக எங்களைப் பார்த்தே வருவது மாதிரி அந்தக் கூட்டம் வளைவுக்குள் பாய்ந்து வந்தது. நீலக் கார் முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா? நான் கத்தினேன், வாத்தியார் கத்தினார், பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நைனாவும் கத்துகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். நைனாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். நைனா காரைப் பார்க்கவில்லை. கையைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் கடந்து போன பிறகும், சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகும், அவள் விடவில்லை. அடுத்த சுற்றிலும் விடவில்லை. அதற்கு மேல் நான் ரேஸைப் பார்க்கவில்லை. அந்த வருஷம் யார் ஜெயித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.